வாவிக்கரையின் இலைக்கறிகள்

மட்டக்களப்பு என்றவுடன் பாடுமீனைப் பற்றிப் பேசாதார் இலர். நிலாக்காலத்து இரவிலே கல்லடிப் பாலத்தின் கீழ்த் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் இட்டு, மறுமுனையைக் காதோடு சேர்த்து வைத்து அவ்வொலியைக் கேட்டவர்கள் அதனைப் பலவாறு புகழ்ந்து எழுதியிருக்கின்றனர். அதே வாவியின் கரையில், விடியற்காலையில், ஈரமண்ணிற் குனிந்து பொன்னாங்காணி கிள்ளும் பெண்ணைப் பற்றி எழுதியவர் மிகச் சிலரே. அந்நாட்டு மக்களின் உடல்நலத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்ததில் அவள் மடியில் நிறைந்த இலைக்கு உள்ள பங்கு சிறிதன்று.

ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர், அதாவது 35 மைல், நீண்டு கிடக்கின்றது மட்டக்களப்பு வாவி. அதன் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவே, ஒடுங்கிய மணல்நிலம் ஒன்று உண்டு. சூரியன் எழும் திசையில் உள்ளமையால் அது எழுவான்கரை எனப்படும். மேற்கே, சூரியன் படும் திசையிலுள்ளது படுவான்கரை. எழுவான்கரை மணலிலே சில முழம் தோண்டினாலே நன்னீர் கிடைக்கும். அக்கிணறுகளை நம்பிக் களுதாவளை, தேற்றாத்தீவு, செட்டிபாளையம் முதலிய ஊரவர்கள் கத்தரி, மிளகாய், பயற்றை, வெண்டி, பாகல், புடோல் ஆகியவற்றைப் பயிரிடுகின்றனர். களுதாவளையின் வெற்றிலையும் பேர் பெற்றது. படுவான்கரையோ நெல்வயலும் குளமும் மாட்டுப்பட்டியும் நிறைந்தது. தயிரும் அரிசியும் அங்கிருந்து வருவன. 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை அவ்விடத்தில் மனிதரும் மூட்டைகளும் படகுப்பாதையிலேயே கரை மாறவேண்டியிருந்தது. அரிசி ஒரு புறமும் மரக்கறி மறுபுறமுமாக வாவியைக் கடந்து, ஒரே சோற்றுப் பீங்கானில் வந்து சேர்ந்தன.

இந்நாட்டில் மழை, வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. ஐப்பசியிற் கால்கொண்டு, கார்த்திகை மார்கழியில் வாவி கரை ததும்ப நின்று, தை மாதத்தில் ஓயும். மழை மிகுந்த அவ்வாரங்களில் மணல்நிலத்துத் தோட்டங்களில் நீர் ஏறிவிடும், கத்தரிச்செடி அழுகும், சந்தையில் மரக்கறி அருகும். கறிக்கு வழியில்லாத காலம் என்று வெளியூரார் எண்ணக்கூடும். உண்மையில் இலைக்கறிகளுக்கு அதுவே அறுவடைக்காலம். வயல் வரம்பிலே பொன்னாங்காணி படரும். நீர் கசியும் தரையிலே வல்லாரை பரவும். குளக்கரையிலே கங்குன் தளிர்விடும். வேலியிலே முசுட்டையும் குறிஞ்சாவும் முடக்கொத்தானும் ஏறும். வளவுக்குள்ளே சாறணையும் கீரையும் விதைப்பாரின்றியே முளைக்கும். விதையும் உரமும் நீரும் எவரும் இட வேண்டாத பயிர்கள் இவை. எந்த இலை எங்கே, எந்தக் கிழமை தளிர்க்கும் என்பதை ஊரில் முதிய பெண்கள் நன்கறிவர்.

அவ்விலையைச் சமைக்கும் முறையை நோக்குதல் வேண்டும். இலையை மெல்லியதாக அரிந்து, சிறிய வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்து, சட்டியிலே சிறிது நேரம் வதக்கி, துருவிய தேங்காய்ப்பூவைக் கலந்து இறக்குவர். இதனைச் சுண்டல் என்பர். யாழ்ப்பாணத்தார் வறை என்பர். முருங்கை இலையானால் வாவியிற் பிடித்துக் காயவைத்த கூனியிறால் ஒரு பிடி சேரும். சட்டியை அடுப்பினின்றும் இறக்கிய பின்னரே தேசிக்காய் பிழிவர். கொதிக்கும் சட்டியிற் புளி விடும் மருமகளை மாமியார் கடிந்துகொள்வது உண்டு. காரணம் கேட்டால், கைக்கும் என்பார். அவர் சொன்ன காரணம் சுவையைப் பற்றியது. ஆய்வுகூடத்தார் பின்னர் கண்ட காரணம் வேறு.

இலையில் உள்ள இரும்புச்சத்து, மீனிலும் இறைச்சியிலும் உள்ள இரும்பைப் போல எளிதில் உடலிற் சேர்வதன்று. விற்றமின் சீ உடனிருந்தால் அது கூடுதலாக உறிஞ்சப்படும். அந்த விற்றமினோ சூட்டில் அழிவது. ஆகவே இறக்கிய பின் பிழியும் தேசிக்காய்ச் சாறு வீண் போவதில்லை. சிறிதளவு மீனோ இறாலோ சேர்ந்தாலும் இலையின் இரும்பை உடல் ஏற்பது மிகும். மேலும், பச்சை இலையில் உள்ள கரோட்டீன் கொழுப்போடு சேர்ந்தே உடலிற் சேரும். அதுவே உடலில் விற்றமின் ஏ ஆக மாறி, மாலைக்கண் நோயைத் தடுப்பது. தேங்காய்ப்பூ அக்கொழுப்பைத் தருகின்றது. இலை, தேங்காய், கூனி, தேசிக்காய் என்ற நால்வரும் ஒருவரையொருவர் தேடி வந்து கூடியது போலவே இருக்கின்றது. இதற்கு நேர்மாறான வழக்கம் ஒன்றும் இந்நாட்டில் உண்டு. உண்டு முடித்தவுடன் ஒரு கோப்பை சாயத்தண்ணீர் அருந்துவது அது. தேயிலையின் துவர்ப்புப் பொருள் இலையின் இரும்பைப் பற்றிக்கொண்டு, உடலிற் சேரவொட்டாமல் தடுக்கும். தேநீர் வேண்டுமாயின் உணவுக்கு ஒரு மணி நேரம் கழித்து அருந்துதல் நலம்.

1602ஆம் ஆண்டில் ஒல்லாந்துக் கப்பற்றலைவர் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையில் வந்திறங்கினார். அக்காலத்து நெடுங்கடற் கப்பல்களில் மாலுமிகளைப் புயலினும் போரினும் அதிகமாக வாட்டிய நோய் ஒன்றிருந்தது. மாதக்கணக்காக உப்பிட்ட இறைச்சியும் உலர்ந்த ரொட்டியுமே உண்டமையால் பல்லீறு வீங்கி, குருதி கசிந்து, பழைய புண்ணும் மீண்டும் திறக்கும் ஸ்கேவி நோய் அது. 1747இல் ஆங்கிலக் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து ஆறு வகைப் பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். தோடம்பழமும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறினர். அக்கடற்படை எலுமிச்சைச் சாற்றை மாலுமிகளுக்கு முறையாக வழங்கத் தொடங்கியதோ 1795இல். கண்ணெதிரே கண்ட உண்மை சமையற்கட்டை அடைய ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் சென்றன.

இலையைப் பற்றிய மற்றொரு கதை இந்தியாவில் நிகழ்ந்தது. 1928ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில், கருவுற்ற பெண்கள் கடும் இரத்தச்சோகையால் வருந்துவதையும் மாண்டுபோவதையும் கண்டு, அவர்கள் உணவில் ஏதோ ஒன்று குறைகின்றது என ஐயுற்றார். நொதியத்தின் சாரமாகிய மாமைற்றைக் கொடுத்தபோது நோய் தீர்ந்தது. குறைந்த பொருள் யாது என்பது 1941 வரை தெரியவில்லை. அவ்வாண்டில் அமெரிக்காவின் ரெக்சாசு மாநிலத்தில் ஆய்வாளர்கள் ஸ்பினாச் என்னும் கீரையைத் தொன் கணக்கிற் பிழிந்து அதனைப் பிரித்தெடுத்தனர். இலைக்கு இலத்தீன் மொழியில் உள்ள சொல்லைக் கொண்டு அதற்கு போலிக் அமிலம் எனப் பெயரும் இட்டனர். இலையிலிருந்து பெயர் பெற்ற அச்சத்துப் போதாதபோது, கருவில் வளரும் குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் பழுதுபடும் இடர் மிகும். இன்று கருவுற்ற பெண்களுக்கு அது மாத்திரையாகக் கொடுக்கப்படுகின்றது. மாத்திரையை நிறுத்திவிட்டு இலையை மட்டும் உண்க என எவரும் கூறலாகாது; மாத்திரை இருக்கின்றதே என்று இலையைக் கைவிடுவதும் தகாது.

வருந்தத்தக்க செய்தி ஒன்றை இவ்விடத்திற் சொல்லாமல் விடுதல் இயலாது. இலையைக் கிள்ளி, அரிந்து, சமைத்தவளே பல வீடுகளிற் கடைசியாக உண்பவள். கணவனும் பிள்ளைகளும் விருந்தினரும் உண்டபின் சட்டியின் அடியில் ஒட்டியிருப்பதே அவள் பங்கு. மாதந்தோறும் குருதி இழப்பவளும், கருவைச் சுமப்பவளும், பாலூட்டுபவளும் அவளே. இரும்பும் போலிக் அமிலமும் வீட்டில் மற்றெவரினும் அவளுக்கே மிகுதியாக வேண்டும். சமைத்தவுடன் அவளுடைய பங்கைத் தனியே எடுத்து மூடிவைப்பது எந்த மருந்துச் செலவினும் குறைந்த செலவு.

அளவைப் பற்றியும் ஒரு சொல். நாளொன்றுக்கு ஒருவர் 400 கிராமுக்குக் குறையாமல் மரக்கறியும் பழமும் உண்ணவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பீங்கானிலே குன்று போலச் சோறும், அதன் ஓரத்தில் ஒரு தேக்கரண்டி சுண்டலும் என்ற பங்கீடு அவ்வளவை எட்டாது. 1920களில் குன்னூரில் ஆராய்ச்சி நடத்திய றொபேட் மக்கரிசன், இந்தியாவின் பல்வேறு மக்கள் உண்ட உணவுகளை வெவ்வேறு எலிக்கூட்டங்களுக்குக் கொடுத்து வளர்த்தார். கோதுமையும் பாலும் பருப்பும் மரக்கறியும் அடங்கிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. பெரும்பாலும் அரிசியையே நம்பிய சென்னை மாகாணத்து உணவை உண்டவை பின்தங்கின. எலிக்கு ஒத்தது அனைத்தும் மனிதனுக்கு ஒக்கும் என்பதில்லை. ஆயினும் நெல்லுக்குப் பேர்போன மட்டக்களப்பார் அதனை எண்ணிப்பார்க்கலாம்.

மாசி, பங்குனியில் பெரும்போக நெல் அறுவடையாகும். மழைநீர் வடிந்த எழுவான்கரைத் தோட்டங்களில் அப்போது கத்தரியும் பயற்றையும் வெண்டியும் காய்த்துக் குலுங்கும். வெயில் ஏற ஏற வெள்ளரிப்பழமும் வத்தகைப்பழமும் வரும். ஆனி, ஆடி மாதங்களில் கச்சான்காற்று வீசி நிலம் வறளும்போது வரம்பிலுள்ள இலைகள் கருகும். வேலி முருங்கை மட்டும் பசுமை மாறாது நிற்கும். வீட்டுக் கோடியில் அடுக்கிய பூசணிக்காய்கள் அக்காலத்துக்கு உரியவை. மரவள்ளியும் வற்றாளையும் அப்படியே. மரவள்ளியைத் திறந்த சட்டியில் நன்றாக அவித்து நீரை வடித்தல் வேண்டும். கைப்பு மிக்க கிழங்கில் நஞ்சு உண்டு. அதனோடு இஞ்சி சேர்க்கலாகாது என்பது இந்நாட்டில் ஊரறிந்த எச்சரிக்கை.

இவ்வாறு ஆண்டு முழுவதற்கும் இயற்கை வகுத்த ஒழுங்கு ஒன்று இருக்க, அது இன்று தளர்ந்து வருகின்றது. பேராதனையில் தொடங்கி, நுவரெலியாவையும் பதுளையையும் கடந்து செங்கலடியில் வந்து முடியும் நெடுஞ்சாலை வழியே கோவாவும் கரட்டும் லீக்சும் போஞ்சியும் மலையிலிருந்து இறங்குகின்றன. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்திலிருந்தும் லொறிகள் வருகின்றன. அவை நல்ல உணவே; அவற்றைப் பழிப்பதற்கு இடமில்லை. ஆனால் அவை விருந்தாளியின் உணவாகவும், முசுட்டையும் குறிஞ்சாவும் ஏழையின் உணவாகவும் கருதப்படும் நிலை வந்துவிட்டது. கலியாண வீட்டிலே கோவாக்கறி இல்லையெனிற் குறை சொல்வோர், சாறணைச் சுண்டல் இல்லையெனிற் குறை சொல்வதில்லை. பறித்த இலையில் விற்றமின் சீ மணிக்கு மணி குறைந்துகொண்டே வரும். வெயிலில் வாடினால் இன்னும் விரைவாகக் குறையும். காலையிற் கிள்ளி நண்பகலிற் சமைத்த பொன்னாங்காணிக்கும், மூட்டையில் நசுங்கி இரண்டு நாள் பயணம் செய்த கீரைக்கட்டுக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

இந்த ஒழுங்கின் அருமை 2022இல் புலப்பட்டது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அத்தடை நவம்பரில் நீக்கப்பட்டது. விளைச்சல் அதற்குள் சரிந்துவிட்டது. அடுத்த ஆண்டில் அந்நியச் செலாவணி தீர்ந்து, எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். லொறி ஓடாதபோது மலைநாட்டு மரக்கறி எங்ஙனம் வரும்? 2022 செப்ரெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவு விலைகள் ஓராண்டுக்கு முன்பிருந்ததைவிட 94.9 வீதம் உயர்ந்திருந்தன. அவ்வாண்டு யூன் மாதத்தில், அரசாங்க உத்தியோகத்தர் வீட்டுத்தோட்டம் செய்யும் பொருட்டு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்கவும் அமைச்சரவை முடிவு செய்தது. வளவில் ஒரு முருங்கையும், கிணற்றடியில் ஒரு பாத்தி வல்லாரையும், வேலியில் ஒரு பாகற்கொடியும் உடையார்க்கு அந்நாட்களில் ஒரு நேரக் கறிக்காவது கவலையில்லை.

மூலிகையைப் பற்றி இரண்டு வகையான தவறுகள் நடக்கின்றன. ஒன்று, அதனை ஏளனம் செய்து ஒதுக்குதல். மற்றது, அதற்கு இல்லாத ஆற்றலை ஏற்றுதல். பழைய பரியாரிமார் பத்தியம் என்ற ஒன்றை வகுத்தனர். அதில் மருந்தும் கறியும் தனித்தனியாக நிற்கவில்லை. தடிமனுக்கு மல்லியும் இஞ்சியும் அவித்த குடிநீர், இருமலுக்குத் தூதுவளை, கைகால் உளைவுக்கு முடக்கொத்தான், காலையில் வல்லாரையோ முருங்கையிலையோ அரைத்து விட்ட இலைக்கஞ்சி என்று, பெரும்பாலும் உணவாகவே அவை உட்சென்றன. இலைக்கஞ்சியில் அரிசியும் தேங்காய்ப்பாலும் இலையும் ஒருங்கே சேர்கின்றன. பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளைக்கு அதனினும் நல்ல காலையுணவு அரிது. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்த வைத்தியத்தையும் யுனானியையும் நாட்டு வைத்தியத்தையும் தன்னுள் அடக்கியது. இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றது. ஆகவே மூலிகை அறிவு வேண்டுவோர் முறையாகக் கற்றவரிடம் செல்ல வழியுண்டு.

ஆனால் நடப்பது என்ன? சலரோகம் உடையவர், அயலார் சொன்னார் என்று குறிஞ்சா இலைச் சாற்றையும் பாகற்காய்ச் சாற்றையும் குடித்துக்கொண்டு, வைத்தியசாலையில் தந்த மாத்திரைகளை நிறுத்திவிடுகின்றார். கைப்பான இலை நாவின் இனிப்பாசையை அடக்கும். சர்க்கரையையும் ஓரளவு குறைக்கக்கூடும். மாத்திரையின் இடத்தை அது நிரப்பாது. சில ஆண்டுகளில் கண்ணும் சிறுநீரகமும் காலும் பழுதாகும்போது இலையின்மேற் பழி விழும். இன்னும் கொடியது ஒன்றுண்டு. ஐந்து வரைகளையுடைய காமரங்காயும், புளிப்பு மிக்க பிலிம்பிக்காயும் சலரோகத்துக்கு நல்லவை என்று வெறுவயிற்றிற் சாறாகக் குடித்தோர், சிறுநீரகம் செயலிழந்து வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்ட நிகழ்ச்சிகளை இலங்கை மருத்துவர்களே பதிவு செய்துள்ளனர். அக்காய்களில் உள்ள ஒட்சலேற்று என்னும் பொருள் சிறுநீரகத்திற் படிவதே காரணம். ஒரு துண்டு கறியிற் சேர்வது வேறு. ஒரு குவளை சாறாக இறங்குவது வேறு. சிறுநீரக நோயாளர் எந்த இலையை எவ்வளவு உண்ணலாம் என்பதை வைத்தியரிடமே கேட்டல் வேண்டும். குருதி உறையாதிருக்க மருந்து உண்போரும், இலைக்கறியைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ முன்னர் அவ்வாறே கேட்டல் வேண்டும்.

இலையைப் பறிக்கும் இடமும் முன்போல் இல்லை. வயல் வரம்புகளில் இன்று களைநாசினி தெளிக்கப்படுகின்றது. தெளித்த மறுநாளும் பொன்னாங்காணி பச்சையாகவே நிற்கும். பார்த்து அறிய இயலாது. எந்த வயலில் என்று தெளித்தார்கள் என்பதைக் கேட்டறியாமல் வரம்பிற் கைவைத்தலாகாது. கழிவுநீர் சேரும் வாய்க்காலிற் செழிக்கும் கங்குன், எவ்வளவு கொழுத்திருப்பினும், உணவுக்கு ஆகாது. எழுவான்கரை மணலிலோ, மிகையாக இட்ட உரம் மழையோடு இறங்கிக் குடிநீர்க் கிணற்றையே அடைகின்றது. அந்நிலத்தடி நன்னீர், கடலின் உவருக்கும் வாவியின் உவருக்கும் இடையே மிதக்கும் மெல்லிய படலம். 2004 திசெம்பர் 26இல் ஆழிப்பேரலை புகுந்தபோது அக்கிணறுகள் உவர்த்துப்போய், மழை பெய்து கழுவும் வரை தோட்டக்காரர் காத்திருக்க வேண்டியதாயிற்று. உவர் அகல வேண்டுமென்று அவசரத்தில் இறைத்த மிகை நீர், சில இடங்களிற் கீழிருந்த உவரையே மேலே இழுத்தது.

ஆகையால், எவருடைய மருந்தும் படாத இலை வேண்டுமாயின் அதற்கு ஏற்ற இடம் வீட்டு வளவுதான். கிணற்றடியில் கால்கழுவும் நீர் ஓடும் பக்கத்தை விட்டு, வாளி நீர் சிந்தும் பக்கத்தில் வல்லாரைக்கு ஒரு பாத்தி போதும். பொன்னாங்காணியைத் தண்டாகவே ஊன்றலாம். முருங்கைக்கு, மணிக்கட்டுப் பருமனில் மூன்று நான்கு அடி நீளக் கொப்பைச் சாய்வாக வெட்டி, சில நாள் நிழலிற் சார்த்தி வைத்து, மேல்முனை காயாதிருக்கச் சாணி அப்பி, ஐப்பசியின் முதல் மழையோடு நடுவது வழக்கம். மழைநீர் தேங்காத மேட்டுப்பக்கமாகப் பார்த்து நடுதல் வேண்டும். அடியில் நீர் நின்றால் மார்கழிக்குள் கொப்பு அழுகிவிடும்.